லுமுட்டில் ஞாயிறு மிளகுத்தண்ணி

போன மாதம் என் மகள் என்னை ஈப்போவில் ஒரு புது உணவகத்துக்கு அழைத்துப் போனாள். மேசையில் மெனு அட்டை இல்லை. ஒட்டியிருந்த ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டத்தைக் கைப்பேசியில் பிடித்தால் எண்பத்தாறு சாப்பாடு வரிசையாக வருகிறது. எண்பத்தாறையும் யார் சமைத்துப் பார்த்தார்கள், யாருக்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பரிமாற வந்த பையனிடம் கேட்டேன். "தெரியல அங்கிள், கம்பெனி அனுப்பும்" என்றான். அவன்மேல் குறை இல்லை. ஆனால் சமையற்கட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எங்களைப் போன்றவர்கள் சேர்ந்து போடும் மலருக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்கு விஷயம் கிடைத்துவிட்டது. பதினோரு சாப்பாடு உள்ள ஒரு மெனுவை நாங்கள் எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதையும், பன்னிரண்டாவதாக ஒன்று அதில் எப்படி ஒட்டிக்கொண்டிருந்தது என்பதையும் எழுதுகிறேன்.

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். பெயர் முனுசாமி. பதினேழு வயதில் தோட்டத்துப் பெரிய துரையின் பங்களாவில் குசினி வேலைக்குச் சேர்ந்தேன். ஐந்து வருடம் பாத்திரம் கழுவி, கோழி உரித்து, துரைமார் என்ன சாப்பிடுவார்கள் என்று தெரிந்துகொண்டேன். அதன் பிறகு ஈப்போ பழைய டவுனில் ஒரு ஹைனானீஸ் ஹோட்டல் குசினியில் பதினைந்து வருடம். அங்கே சிக்கன் சாப் முதல் கஸ்டர்ட் வரை எல்லாம் கை பழகியது. படிப்பு அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசியில் லுமுட் கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கப்பல்துறை வேலைக்கு வந்த என்ஜினியர்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு தெலுக் பாத்தேக் போகும் சாலையில் வாடகை வீடுகளில் இருந்தார்கள். ஈப்போக்காரர் வோங் என்பவர் அங்கே கடலைப் பார்த்த ஒரு பழைய கட்டடத்தில் சாப்பாட்டுக்கடை திறந்தார். என்னைச் சமையலுக்குக் கூப்பிட்டார். எல்லாரும் அவரைத் தௌக்கே என்பார்கள், முதலாளி என்று அர்த்தம்.

தௌக்கேக்கு முட்டை அவிக்கக்கூடத் தெரியாது. சாப்பாட்டு ஆசையும் இல்லாத மனிதர். மூன்று வேளையும் கஞ்சியும் உப்பு மீனும்தான். ஆனால் மெனு போடும் வேலையை அவர் செய்ததுபோல நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

முதல் நாளே மலாயில் சொன்னார்: "சாமி, மெனு இப்ப எழுதக் கூடாது. முதல்ல கேப்போம்."

"யாருகிட்ட தௌக்கே?"

"தட்டுகிட்ட."

வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினார். ஒரு வாரத்துக்கு நாலு சாப்பாடு மட்டும் சாக்கட்டியில் எழுதுவார். சாப்பிட்டுத் திரும்பி வரும் தட்டைக் கழுவக் கூடாது. பின்பக்கம் ஒரு நீள மேசையில், வந்த வரிசைப்படி வைக்க வேண்டும். மதியக் கூட்டம் முடிந்ததும் தௌக்கே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேசையோரமாக நடப்பார். ஒவ்வொரு தட்டின் முன்னாலும் நிற்பார். பள்ளிக்கூட நோட்டில் ஒரு வட்டம் போட்டு, எவ்வளவு மிச்சமோ அந்த அளவுக்குப் பென்சிலால் தீட்டுவார். பேச மாட்டார். முடித்ததும் "கழுவு" என்பார். அவ்வளவுதான்.

முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஒரு மாதத்தில் சிரிப்பு போய்விட்டது. நான் பெருமையாகப் போட்ட மட்டன் சாப் தட்டுக்குத் தட்டு பாதியாகத் திரும்பியது. நம் ஊரில் மட்டன் என்றால் ஆடு. அவர்கள் நினைத்தது செம்மறி. மென்று பார்த்துவிட்டு ஓரத்தில் ஒதுக்கியிருந்தார்கள். பலகையிலிருந்து எடுத்தோம். நாசி கோரெங், அதாவது வறுத்த சோற்றின் மேல் ஒரு முட்டையைப் பொரித்து வைத்தேன். தட்டைக் கழுவவே வேண்டாம் என்பதுபோல வந்தது. மீனும் உருளைக்கிழங்குப் பொரியலும்தான் கஷ்டப்படுத்தியது. காலா மீன் சித்தியவான் சந்தையிலிருந்து விடியற்காலையில் வரும், குறையே சொல்ல முடியாது. ஆனாலும் கிழங்கு மட்டும் திரும்பி வந்துகொண்டே இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு வெள்ளைக்கார அம்மா தன் வீட்டிலிருந்து ஒரு போத்தல் காடியை, வினிகரைக் கொண்டுவந்து, "இது இல்லாமல் எப்படி?" என்று பரிமாறும் ஆயிஷாவிடம் கொடுத்தார். பழுப்பு நிறம், மால்ட் வாசனை. சீனக்கடை வெள்ளைக் காடியில் பழுப்புச் சர்க்கரையைக் கருக்கி ஊற்றிக் காய்ச்சி, நாலாவது தடவையில் கிட்டத்தட்ட அந்த ருசிக்குக் கொண்டுவந்தேன். அந்த ஞாயிறு தௌக்கே கிழங்குத் தட்டுகளின் முன்னால் நின்று வெற்று வட்டங்களாகப் போட்டுக்கொண்டே போனார். கடைசியில் என்னைப் பார்த்துத் தலையை ஒருமுறை ஆட்டினார். அவரிடம் நான் வாங்கிய பாராட்டு அதுதான்.

வேலை பிடித்திருந்தது. மற்றதெல்லாம் சிரமம். மனைவி லெட்சுமி, மகள், என் அப்பா மூவரும் ஈப்போ புந்தோங்கில் இருந்தார்கள். மகளின் பள்ளிக்கூடம் அங்கே. எனக்கு மாதத்தில் ஒரு திங்கட்கிழமைதான் விடுப்பு. கடைக்குப் பின்னால் ஓர் அறை, கித்தான் கட்டில், ரேடியோ. லுமுட்டில் தமிழர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் நான் ஓய்வாக இருக்கும் நேரத்தில் அவர்கள் வேலையில் இருப்பார்கள், அவர்கள் வீடு திரும்பும்போது நான் அடுப்பில் நிற்பேன். சில வாரம் முழுக்கத் தமிழில் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். ஊரே சாப்பிட்ட பிறகு நின்றபடியே சாப்பிடுவேன். வீட்டுக்குப் போனால் மகள் கதவைத் திறந்து, விருந்தாளிக்குச் சொல்வதுபோல "வாங்க, உட்காருங்க" என்பாள். அது மரியாதைதான். ஆனால் பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அது காதில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

பத்துச் சாப்பாடு முடிவான பிறகு, ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஏதாவது வேண்டும் என்றார் தௌக்கே. பங்களாவில் ஞாயிறு மதியம் செய்வதைச் சொன்னேன். தேங்காய்ப்பால் கோழிக்கறியும் சோறும், முதலில் ஒரு கிண்ணம் மிளகுத்தண்ணி. வெள்ளைக்காரர்கள் அதை முல்லிகட்டானி என்பார்கள். நம் வார்த்தைதான், கப்பலேறிப் போய் உருமாறி வந்திருக்கிறது. மிளகு, சீரகம், மல்லியை வறுத்துப் பொடிக்க வேண்டும். கோழி எலும்பை இரண்டு மணி நேரம் வேகவைத்து வடிகட்ட வேண்டும். வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, ஒரு கரண்டி மாவு தூவி, சாற்றை ஊற்றிக் கட்டி இல்லாமல் கிண்டி, மசித்த பருப்பும் கடைசியில் எலுமிச்சையும். அப்படித்தான் பங்களாவில் செய்வோம்.

கோழிக்கறி பிடித்துக்கொண்டது, பதினோராவதாக மெனுவில் ஏறியது. மிளகுத்தண்ணியை யாரும் தொடவில்லை. இளவயது என்ஜினியர்கள். அவர்களுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. கிண்ணம் கிண்ணமாகத் திரும்பியது. வட்டங்கள் எல்லாம் கறுப்பு.

ஒன்றைத் தவிர.

அந்த மேசையில் கிடந்த ஒரு தட்டு என்னை நிறுத்தியது. மிளகுத்தண்ணிக் கிண்ணம் காலி. பக்கத்தில் கறித்தட்டு. கோழி எலும்புகளைச் சுத்தமாகச் சூப்பி, சிறியது முதல் பெரியது வரை தட்டின் விளிம்பில் வரிசையாக அடுக்கியிருந்தது. அந்தத் தட்டை எனக்குத் தெரியும். அப்படி அடுக்கி வந்த தட்டைப் பங்களாவில் ஐந்து வருடம் கழுவியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு பரிமாறும் சன்னல் வழியாகப் பார்த்தேன். ஓர மேசையில் தனியாக ஒரு கிழவர். முழங்கால் வரை காலுறை, வெளுத்த காக்கிக் கால்சட்டை. முடி போய்விட்டது, உடம்பு பாதியாகியிருந்தது. ஆனால் அவர்தான். எங்கள் பெரிய துரை.

தோட்டத்தை விற்றபோது சீமைக்குப் போனவர், அங்கே இருக்க முடியாமல் திரும்பி வந்து லுமுட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார் என்று ஆயிஷா விசாரித்துச் சொன்னாள். என்ஜினியர்கள் அவரோடு பேசுவதில்லை. அவர்களுக்கு அவர் வேறு காலத்து ஆள்.

அவர் எங்களுக்கு என்ன செய்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா மாரிமுத்து அந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவார்கள். நான் பங்களாவில் இருந்த ஐந்தாவது வருடம், மழைக்காலத்தில், கொட்டகையின் அத்தாப்பு ஓலைக் கூரை ஒழுகியது. புது அத்தாப்பு போடச் சொல்லிக் கங்காணியிடம் கேட்டும் பயனில்லை. ஒருநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், எல்லாரும் வரிசையில் நிற்க, அப்பா துரையைப் பார்த்துச் சொல்லிவிட்டார்: "தொரை, புள்ளைங்க நனையுது. ஒரு நாளைக்கு பங்களாக் கூரைய பிரிச்சுப்போட்டு படுத்துப் பாருங்க, தெரியும்." மறுநாள் மாலைக்குள் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி அன்றைக்கே ஆள் வந்தது. அன்று காலை பெரட்டு முடிந்து பங்களாவுக்கு வந்த துரைக்கு முட்டையும் ரொட்டியும் கொண்டுபோய் வைத்தது நான்தான். எங்கள் குடும்பம் லாரியேறி ஈப்போவுக்கு வந்தது அப்படித்தான்.

நாலு வாரம் முடிந்தது. தௌக்கே நோட்டைக் காட்டினார். "சூப் எடுத்துரலாம். ஒரே ஆள்தான் குடிக்கிறான்."

"இருக்கட்டும் தௌக்கே."

அவர் பென்சிலை வைத்தார். "ஏன்? ஒன் சொந்தக்காரனா?"

"எங்கப்பாவ தோட்டத்த விட்டு வெளியேத்துன ஆளு."

தௌக்கே நோட்டை மூடினார். "அப்புறம் ஏன் சமைக்கிற?"

இப்போது யோசித்தால் தெரிகிறது. அந்த ஊரில் என் தோட்டத்தைத் தெரிந்த இன்னொரு ஆள் அவர் மட்டும்தான். கெட்டதோ நல்லதோ, நான் எங்கிருந்து வந்தேன் என்று அறிந்த ஒரே மனிதர். அது போதுமாக இருந்தது. அன்று "தெரியல" என்று மட்டும் சொன்னேன்.

"சின்னச் சட்டியில வை" என்றார் தௌக்கே. பலகையில் அந்த வரி நின்றது.

ஒரு ஞாயிறு நல்ல மழை. கடையில் துரை ஒருவர்தான். சமையல்காரனைக் கூப்பிடச் சொன்னார் என்று ஆயிஷா வந்து சொன்னாள். கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றேன்.

"நீ சமைச்சான்?" என்றார். தமிழில்.

பழைய துரைமாருக்குத் தமிழ் தெரியும். ஆனால் அவர்கள் கற்ற தமிழ் எல்லாம் வா, போ, எடு, வெட்டு, நிறுத்து. கேள்வி கேட்டாலும் கட்டளை மாதிரிதான் வரும். அத்தனை வாரத்துக்குப் பிறகு என் காதில் விழுந்த தமிழ் அது.

"நான்தான் தொரை."

"எந்தத் தோட்டம்?"

சொன்னேன். பங்களாக் குசினியில் இருந்ததையும் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்க முடியாது. பங்களாவுக்கு முன்னால் நின்ற மரம், ஆற்றுப்பாலம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் கேட்டார். அவர் வளர்த்த நாயின் பெயரைச் சொல்லி, ஞாபகம் இருக்கிறதா என்றார். இருந்தது. அது செத்த நாளைக்கூடச் சொன்னார்.

அப்போது கேட்டேன். "எங்கப்பாவ ஞாபகம் இருக்கா தொரை? மாரிமுத்து. பதினாலாம் நம்பர் வெளியில பால் வெட்டுனாரு."

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "தெரியாது. நெறைய ஆள். நல்ல வேலைக்காரனா?"

"ஆமா."

"இப்ப எங்க?"

"நீங்க போகச் சொல்லிட்டீங்க. ஆயாக் கொட்டகை ஒழுகுதுன்னு பெரட்டுல சொன்னதுக்கு."

அவர் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். பிறகு, "கூரை… நான் சரி பண்ணினானா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது. நாங்க போயிட்டோம்லா."

அவருக்கும் தெரியவில்லை. அவர் மேசையில் இருந்தார், நான் நின்றுகொண்டிருந்தேன். பிறகு நான் குசினிக்குத் திரும்பினேன். நாயை நினைவு வைத்திருந்த மனிதருக்கு என் அப்பாவை நினைவில்லை. அன்று மிச்சமிருந்த மிளகுத்தண்ணியைச் சட்டியோடு வாய்க்காலில் கொட்டினேன். அடுத்த வாரத்துக்கு எலும்பு வாங்கவில்லை. தௌக்கேயிடம் "எடுத்துருங்க" என்றேன். ஏன் என்று கேட்காமல் அழித்தார்.

அடுத்த ஞாயிறு துரை வந்தார். பலகையைப் படித்தார். ஒன்றும் கேட்காமல் மீன் பொரியல் வாங்கினார். தட்டு பாதி திரும்பியது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாவது வாரம் வரவில்லை. வரமாட்டார் என்று நினைத்தேன். நிம்மதியாக இருக்கும் என்றும் நினைத்தேன். ஆனால் சன்னல் பக்கம் போகும்போதெல்லாம் ஓர மேசையைத்தான் பார்த்தேன்.

அதற்கடுத்த வாரம் மதியக் கூட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே வந்தார். குசினி வாசலுக்கே வந்து நின்றார். கையில் ஒரு கடிதம். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதிய பெரிய கிராணி ஓய்வுபெற்றுத் தைப்பிங்கில் இருந்தாராம். அவருக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். பதில் வந்திருக்கிறது.

"கிராணி எழுதினான்" என்றார். "கூரை போட்டான். தகரம். அந்த வருசமே. ஒங்கப்பா போனப்புறம் ரெண்டு மாசம்."

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்தேன்.

அவர் அடுத்த வாக்கியத்தைச் சேர்க்கச் சிரமப்பட்டார். கட்டளை இல்லாத தமிழ் அவருக்குப் பழக்கமில்லை. "மாரிமுத்து சரியா சொன்னான்" என்றார்.

"சொன்னார்" என்றேன்.

உச்சரிப்பைத் திருத்துகிறேன் என்றுதான் முதலில் நினைத்திருப்பார். பிறகு புரிந்தது. துரையைப் பற்றிப் பேசும்போது தோட்டமே பயன்படுத்திய மரியாதைச் சொல்தான் அது. எங்களில் யாரைப் பற்றியும் அவர் வாயிலிருந்து அது வந்து நான் கேட்டதில்லை.

"சொன்னார்" என்றார். "மாரிமுத்து சரியா சொன்னார்."

கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓர மேசைக்குப் போய் உட்கார்ந்தார். அன்று எலும்பு இல்லை, நேரமும் இல்லை. இருந்த கோழித் துண்டில் ஒரு சாறு இறக்கி, கையில் கிடைத்ததை வைத்து ஒரு கிண்ணம் செய்தேன். நன்றாக வரவில்லை. குடித்தார்.

மறுநாள் என் விடுப்பு நாள். புந்தோங்கில் அப்பா வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதுவரை துரை லுமுட்டில் இருப்பதை நான் வீட்டில் சொன்னதில்லை. லெட்சுமியிடம்கூட. எல்லாவற்றையும் சொன்னேன். கூரை போட்டதையும் சொன்னேன்.

அப்பா "தகரமா?" என்றார்.

"தகரம்தான்பா."

"நான் அத்தாப்புலா கேட்டேன். தகரம்னா மத்தியானம் கொதிக்குமே. புள்ளைங்க எப்படித் தூங்கியிருக்கும்?"

அவ்வளவுதான் சொன்னார். நான் கிளம்பும்போது எப்போதும் பஸ் நிறுத்தம் வரை வருவார். அன்று வரவில்லை. நான் யாருக்கும் வேண்டாதவன்போல் அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். வாரா வாரம் அந்த மனிதருக்குச் சமைத்ததை அப்பா மன்னிக்க மாட்டார் என்று பட்டது. இருந்தாலும் அடுத்த ஞாயிறு எலும்பு வாங்கினேன். தௌக்கே பலகையில் பழைய வரியை எழுதினார்.

துரை இன்னும் ஒன்றரை வருடம் வந்தார். வருவார், குடிப்பார், தமிழில் நாலு வார்த்தை பேசுவார். என்னை ஒருநாளும் உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை. பிறகு பினாங்கில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு செய்தி இல்லை. கப்பல்துறை வேலை முடிந்து என்ஜினியர்களும் ஒவ்வொரு குடும்பமாகப் போனார்கள். தௌக்கே கடையைச் சீன மீன் சாப்பாட்டுக்கடையாக மாற்றினார். நான் ஈப்போவுக்கே திரும்பி, ஒரு மருத்துவமனைச் சமையற்கட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்றேன்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். துரை லுமுட்டில் இருந்தபோதே நடந்தது. அந்த மனத்தாங்கலுக்கு அடுத்த மாதம் நான் வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானம் லெட்சுமி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அப்பா குசினிக்குள் வந்து நின்றார்.

"தொரை குடிக்கிறான்னியே, அது என்னா? செய் பாப்போம்."

கடைப்பொடி இல்லாமல், மிளகு சீரகம் மல்லியை வறுத்து இடித்து, பங்களாவில் செய்ததுபோலவே செய்தேன். உப்பை மூன்று தடவை ருசி பார்த்தேன். எந்த முதலாளிக்கும் அப்படிப் பார்த்ததில்லை. கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியோடு வைத்தேன். அப்பா கரண்டியை எடுத்து ஓரமாக வைத்தார். கிண்ணத்தைத் தூக்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"ரசம்லா இது" என்றார். "மாவ போட்டு கெடுத்து வச்சிருக்கானுங்க."

லெட்சுமியிடம் சோறு கேட்டார். மீதியைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, நிதானமாகச் சாப்பிட்டார். பாதியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அவன் இத சோறு இல்லாமலா குடிக்கிறான்?"

"ஆமாப்பா. சோறு இல்லாம. தனியாத்தான்."

அப்பா இன்னொரு கவளம் உருட்டினார். வாயில் போடுவதற்கு முன் சொன்னார்:

"பாவம்."